வாசகர் கேள்விகள்: ஏமி ஜான்சன்

கேள்வி: ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்று ஏமி ஜான்சனைக் கொண்டாடுகிறோம். அவர் எண்ணிப் போன சாதனை கைகூடவில்லை என்கிறார்களே?
– மன்னார்குடி வாசகி

பதில்: உண்மைதான். 1928இல் ஆஸ்திரேலிய விமானி பெர்ட் ஹிங்க்லர் தனியாகப் பதினைந்தரை நாளில் போய்விட்டார். அதை முறியடிக்கத்தான் ஏமி கிளம்பினார். ஏமி 1930 மே 5 அன்று லண்டனின் கிராய்டனில் கிளம்பி, மே 24 அன்றுதான் ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். ஆனால் கராச்சிக்கு ஆறே நாளில் வந்து சேர்ந்தார். அதுவரை ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முன்னிலை. அதற்கு முன் அவர் பறந்த அதிகபட்ச தூரம் லண்டனிலிருந்து சொந்த ஊரான ஹல் வரைதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: கூட மெக்கானிக் யாரும் இல்லையே, எஞ்சினை யார் பார்த்துக்கொண்டது?
– ஈரோடு வாசகர்

பதில்: அவரேதான். விமானி உரிமம் வாங்கிய அதே 1929இல் தரைப் பொறியாளர் உரிமமும் வாங்கினார். பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் பெண் அவர். என்னைக் கேட்டால் டார்வின் பயணத்தைவிட இதுதான் பெரிது.

‘ஜேசன்’ என்று அவர் பெயரிட்ட விமானம் 600 பவுனுக்கு வாங்கிய பழைய ஜிப்சி மாத்; மேலும் கீழுமாக இரட்டை இறக்கை கொண்ட சிறு விமானம். நான்கு சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின், 100 குதிரைத்திறன். இறங்கியதும் ஓய்வு கிடையாது. பெட்ரோலை மான்தோல் வைத்த புனலில் வடிகட்டி ஊற்ற வேண்டும். தண்ணீரோ தூசியோ கார்புரேட்டருக்குள் போனால் நடுவானில் எஞ்சின் நின்றுவிடும். ஆயில் மாற்றி, பிளக்குகளைக் கழற்றிக் கரி துடைத்து, பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவைச் சரிபார்த்த பிறகுதான் தூக்கம். பறக்கும்போதும் வேலை உண்டு. கூடுதல் டேங்கிலிருந்து மேல் இறக்கை டேங்குக்குப் பெட்ரோலைக் கைப்பம்பால் ஏற்ற வேண்டும். அந்த நெடி அவருக்குக் குமட்டலைத் தந்தது.

கேள்வி: இந்தியாவிலும் பர்மாவிலும் விமானம் உடைந்ததாமே?
– திருச்சி வாசகர்

பதில்: அலகாபாத்துக்குப் போகும் வழியில் எதிர்காற்றால் பெட்ரோல் தீர்ந்துவரவே, ஜான்சியில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறக்கினார். இறக்கை உடைந்தது; படையின் தச்சர் சரிசெய்து கொடுத்தார். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய இறக்கை என்பதால் தச்சு வேலை போதும்.

பர்மாவில்தான் பெரிய அடி. கொட்டும் மழையில் ரங்கூன் குதிரைப் பந்தயத் திடல் என்று நினைத்து, அருகிலுள்ள இன்செயின் ஊரின் தொழில்நுட்பக் கல்லூரி விளையாட்டு மைதானத்தில் இறங்கிப் பள்ளத்தில் பாய்ந்துவிட்டார். புரொப்பல்லர், சக்கரக் கால், இறக்கை மூன்றும் போயின. விமானத்தின் பக்கவாட்டில் கட்டிக் கொண்டுவந்த உபரி புரொப்பல்லர் கைகொடுத்தது. கிழிந்த துணிக்கு என்ன செய்வது? முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அங்கே இருந்தன. அவற்றை வெட்டி ஒட்டினார்கள். கிழிசலை அப்படியே விட்டால் காற்று புகுந்து முழுத் துணியையும் உரித்துவிடும். பிறகு ஜாவாவில் ஒரு சர்க்கரை ஆலைத் தோட்டத்தில் மூங்கில் குச்சிகள் குத்திய ஓட்டைகளைக் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒட்டியே சமாளித்தார்! இன்செயினில் போன நாட்களோடு சாதனையும் போயிற்று.

கேள்வி: எப்படி இறந்தார்?
– சேலம் வாசகி

பதில்: 1941 ஜனவரி 5. போர்க்கால விமானப் போக்குவரத்துப் பிரிவுக்காக, பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்போர்டு அருகே கிட்லிங்டனுக்கு ஒரு விமானத்தை ஓட்டிச் சென்றார். அந்தப் பிரிவினர் ரேடியோ இல்லாமல்தான் பறந்தார்கள். மேகமூட்டத்தில் வழி தவறி, தேம்ஸ் முகத்துவாரத்தில் பாராசூட்டில் குதித்தார். காப்பாற்றக் கடலில் குதித்த கப்பல் தளபதி வால்டர் ஃபிளெட்சரும் இறந்தார். ஏமியின் உடல் கிடைக்கவில்லை.

கேள்வி: ஜேசனை இப்போது பார்க்க முடியுமா?
– கோவை மாணவர்

பதில்: லண்டன் சயின்ஸ் மியூசியத்தில், விமானப் பிரிவில் இருக்கிறது. பச்சை உடலில் ஜி-ஏஏஏஎச் என்ற பதிவெழுத்துகளைத் தேடுங்கள்.