இங்கிலாந்துக்காரர்கள் கடலோரக் கேரவன் பார்க்குகளை நினைத்து ஏன் இவ்வளவு உருகுகிறார்கள்?

கேரவன் என்றால் இங்கே சக்கரம் வைத்த சின்ன வீடு; அவற்றை வரிசையாக நிறுத்தி, விடுமுறைக்குத் தங்கும் இடம்தான் கேரவன் பார்க். நான் திருப்பூர்க்காரன், இப்போது இருப்பது இங்கிலாந்தின் லெஸ்டரில். இதுவும் ஒரு காலத்தில் பனியன் ஊர்தான். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது; பின்னலாடைக் கம்பெனியில் தையல் வேலை பார்த்தவர். கேரவன் பேச்சு எடுத்தால் நிறுத்தமாட்டார்.

அப்போதெல்லாம் ஜூலை முதல் இரண்டு வாரம் இங்குள்ள கம்பெனிகளுக்கு ஒரே சமயத்தில் லீவு. தீபாவளிக்குத் திருப்பூர் காலியாகுமே, அப்படி. நாம் ஆளுக்கொரு சொந்த ஊருக்கு பஸ் ஏறுவோம். இவர்களோ ஸ்கெக்னஸ், இங்கோல்மெல்ஸ், மேபிள்தோர்ப் என்று ஒரே கடற்கரைக்குப் போனார்கள். தெருவில் பக்கத்து வீட்டுக்காரர், அங்கேயும் பக்கத்து கேரவன்காரர். உருக்கம் கடலுக்காக மட்டுமில்லை, இதற்காகத்தான் என்பேன்.

அந்தக் கரையில் முதலில் பழைய ரயில் பெட்டி, பஸ் கூண்டுகளைக் கொண்டுவந்து போட்டுத் தங்கினார்கள். மணல்மேடுகளைக் காக்க 1932-இல் தனிச் சட்டமே வந்தது. 1936-இல் பட்லின்ஸ் என்ற விடுமுறை முகாம், 1938-இல் சம்பளத்தோடு விடுமுறைச் சட்டம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கேரவன்கள் பெருகின. 1960 சட்டத்துக்குப் பிறகு பார்க் நடத்த லைசென்ஸ் வேண்டும்.

1953 ஜனவரி 31 இரவு கடல் உள்ளே வந்தது. இங்கிலாந்தில் 307 பேர் இறந்தார்கள். அதுவே கேரவன்களில் ஆள் நிரம்பியிருக்கும் ஆகஸ்ட் மாதமாக இருந்திருந்தால் என்று நினைக்கவே நடுங்குகிறது. பிறகு கட்டிய கான்கிரீட் சுவரால், பல இடங்களில் படியேறினால்தான் கடல் தெரியும்.

அந்த அம்மாவுக்கு நினைவில் நிற்பது கேஸ் விளக்கு. நம் பெட்ரோமாக்ஸில் இருக்குமே, அதே மாதிரி மேன்டில். தீக்குச்சி நுனி பட்டாலே பொடிப்பொடியாக உதிரும். அதனால் அவருடைய அப்பா மட்டும்தான் பற்றவைப்பாராம், அதுவரை யாரும் மூச்சுகூட விடமாட்டார்களாம். பொதுக்குழாயிலிருந்து தண்ணீர் தூக்கி வருவது பிள்ளைகள் வேலை. பாதி ஷூவுக்குள் போய்விடும்.

போன வருடம் இங்கோல்மெல்ஸில் மூன்று நாள் கேரவன் எடுத்து அவரையும் கூட்டிப்போனோம். குளியலறை, ஹீட்டர், டிவி எல்லாம் இருந்தது. ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. தகரக் கொட்டகையில் விழுகிற மாதிரி கூரையில் சடசடவென்று சத்தம். டிவியை நிறுத்தச் சொன்னார். நாங்கள் எல்லோரும் வெகுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.