பந்து மலைப்பாம்பின் கூண்டில் ஈரப்பதம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன். கோடையில் ஒரே துண்டாகச் சட்டை உரித்த என் பந்து மலைப்பாம்பு (ball python), ஜனவரியில் துண்டு துண்டாக உரிக்கிறது. தினமும் இருமுறை நீர் தெளித்தும் ஈரப்பதம் 35 சதவீதத்தைத் தாண்டவில்லை.

பதில்: காற்று வறண்டால் சட்டை துண்டு துண்டாகத்தான் உரியும். நீங்கள் தெளிப்பதில் குறையில்லை, குறை வீட்டுக் காற்றில் இருக்கிறது. வெளியே மைனஸ் 10 டிகிரியில் உள்ள காற்று ஈரத்தால் நிறைந்தே இருந்தாலும், வீட்டுக்குள் 22 டிகிரிக்குச் சூடேறியதும் அதன் ஈரப்பதம் 10, 11 சதவீதமாக இறங்கிவிடும். அந்த வறண்ட காற்று, தெளித்த நீரைக் கம்பிவலை மூடியின் வழியே விரைவில் கொண்டுபோய்விடுகிறது. ஆகவே கூண்டைச் சூடேற்றும் விளக்கைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் திறந்து வைத்து, வலையில் முக்கால் பங்கை அக்ரிலிக் தகட்டால் மூடுங்கள்.

அடுத்து, ஈரத்தைத் தரையில் சேமியுங்கள். தேங்காய் நார்த்தூளை 8 முதல் 10 செ.மீ. உயரத்துக்கு நிரப்பி, மூலைகளில் வெதுவெதுப்பான நீரை ஊற்றினால், அடிப்பகுதி ஈரமாகவும் பாம்பு ஊரும் மேற்பரப்பு உலர்ந்தும் இருக்கும். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையாகச் சேர வேண்டும். விரலிடுக்கில் நீர் சொட்டினால் ஊற்றியது அதிகம். கானா, டோகோ, பெனின் நாடுகளில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கும் இனம் இது என்பதால், மண்ணடி ஈரமே இதற்குப் பழக்கம். 60 முதல் 80 சதவீதம் வரை இருந்தால் போதுமானது.

கேள்வி: குளிர்ந்த பக்கத்து ஈரமானி 70 என்றும், விளக்கடியில் உள்ளது 47 என்றும் காட்டுகின்றன. எது பழுது?

பதில்: பெரும்பாலும் இரண்டுமே சரியாக இருக்கும். 25 டிகிரியில் 70 சதவீதம் காட்டும் அதே காற்று, 32 டிகிரியில் ஏறத்தாழ 47 சதவீதமே காட்டும். நீரின் அளவு மாறவில்லை, காற்றின் கொள்ளளவுதான் கூடியிருக்கிறது. குளிர்ந்த பக்கத்தில், தரையை ஒட்டிய அளவையே கணக்கில் கொள்ளுங்கள்.

ஐயம் தீரவில்லையெனில், ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை இட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில துளி நீர் விட்டு, ஈரமானியோடு காற்றுப்புகாத பையில் இரவு முழுவதும் வையுங்கள். காலையில் அது 75 காட்ட வேண்டும். முள் வைத்த மலிவு மானிகள் பல இதில் தோற்பதைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி: சென்னையின் புழுக்கத்தில் இந்தக் கவலை தேவையா?

பதில்: ஏசி அறையென்றால் தேவை. பால்கனியில் ஏசி குழாயடியில் வைத்த வாளி நிரம்புகிறதே, அது உங்கள் அறைக் காற்றில் இருந்த நீர்தான். இன்னொன்று: இந்தியாவில் இவ்வகை அயல்நாட்டுப் பாம்பை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்வது கட்டாயம்.

கேள்வி: சட்டை உரிந்த பின்னும் கண்ணின் மேல் பழைய தோல் ஒட்டியிருக்கிறது. இடுக்கியால் எடுக்கலாமா?

பதில்: கூடாது. பாம்புக்கு இமை கிடையாது. பழைய தோலுக்கு அடியில் இருப்பது கண்ணைக் காக்கும் புதிய செதில், அது கிழிந்தால் பார்வையே போகலாம். நீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை (sphagnum moss) ஒரு மூடிய டப்பாவில் பரப்பி, பாம்பு நுழையும் அளவுக்குத் துளையிட்டு, கூண்டின் வெதுவெதுப்பான பக்கத்தில் வையுங்கள். அடுத்த உரிப்பிலும் தோல் நீங்காவிட்டால் ஊர்வன மருத்துவம் அறிந்தவரிடம் காட்டுங்கள். அவசரத்தில் கூண்டையே சேறாக்கிவிடாதீர்கள். எந்நேரமும் நனைந்த தரையில் கிடக்கும் பாம்புக்கு வயிற்றுச் செதில்கள் சிவந்து கொப்புளம் கட்டும்.