நானோ வெள்ளி நீரை அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. பல ஆண்டுகளாகக் கல்லீரல் சுருக்க நோய். இப்போது கல்லீரலில் புற்றுநோயும் வந்திருக்கிறது. வேப்பிலைச் சாற்றில் தயாரித்த வெள்ளி நானோ துகள்கள் கல்லீரல் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றதாக ஒரு செய்தியை மாமா காட்டினார். இணையத்தில் 'நானோ வெள்ளி நீர்' பாட்டிலில் கிடைக்கிறது. மருத்துவர் தரும் மாத்திரைகளோடு இதையும் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். பாட்டிலை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தாலும் வேண்டாம்.

மாமா காட்டிய செய்தி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வேப்பிலைச் சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றினால், கரைசல் மெல்லப் பழுப்பு நிறமாகும். வெள்ளி, கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய நானோ துகள்களாகத் திரண்டுவிட்டது என்று பொருள். நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் நடக்கும் வேலைதான். பிறகு அந்தத் துகள்களைக் கிண்ணத்தில் வளரும் 'ஹெப் ஜி2' என்ற கல்லீரல் கட்டிச் செல்களின் மீது விடுவார்கள். செல்கள் சாகும். அதில் ஐயமில்லை.

எப்படிச் சாகின்றன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். செல் அந்தத் துகளை விழுங்கி, லைசோசோம் என்ற தன் செரிமானப் பைக்குள் தள்ளுகிறது. அங்குள்ள அமிலத்தில் வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அயனிகளாகக் கசிகிறது. செல்லுக்குக் காவலாக இருக்கும் குளுட்டாதயோன் தீர்ந்துபோகிறது. வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி மைட்டோகாண்ட்ரியாவையும் டி.என்.ஏ.வையும் சிதைக்க, செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது. துத்தநாக ஆக்சைடு துகள்களின் கதையும் ஏறத்தாழ இதுவே. இந்த வழி முழுக்க நல்ல செல்லிலும் திறந்தே கிடக்கிறது. புற்றுநோய்ச் செல் முன்பே இந்த வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளின் நெருக்கடியில் இருப்பதால் அது முந்திச் சாகும் என்றொரு வாதம் உண்டு. அதை நிறுவ, அதே அளவுத் துகளை ஆரோக்கியமான கல்லீரல் செல்லிலும் விட்டுப் பார்க்க வேண்டும். பல கட்டுரைகளில் அந்த ஒப்பீட்டையே காணோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெப் ஜி2 செல்கள் 1970களில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவனின் கல்லீரல் கட்டியிலிருந்து வளர்க்கப்பட்டவை. அது சிறுவர்களுக்கு வரும் ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்ற வேறு வகைக் கட்டி என்று பின்னாளில் திருத்திச் சொன்னார்கள். சுருங்கிய கல்லீரலில் பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் புற்றுநோய் அதுவல்ல. அதைவிட வேடிக்கை, ஒரு புதுப் பொருள் மனிதக் கல்லீரலைக் கெடுக்குமா என்று சோதிக்க எங்கள் நச்சியல் துறையில் எடுப்பதும் பெரும்பாலும் இதே ஹெப் ஜி2தான். துகள் அதே, செல் அதே, சாவும் அதே. ஒரு கட்டுரையின் தலைப்பில் அது 'புற்றுநோய் எதிர்ப்பு', இன்னொன்றில் 'கல்லீரல் நச்சு'. மாமாவின் கண்ணில் பட்டது முதல் தலைப்பு.

கிண்ணத்தில் துகளுக்குப் போக வேறு இடமில்லை, உடம்பு அப்படியல்ல. குடித்தால், குடல் உறிஞ்சுவதில் பெரும்பங்கு முதலில் போய்ச் சேர்வது கல்லீரலுக்கு. ஊசி வழியாக நேரே இரத்தத்தில் ஏற்றினாலும், துகளின் வகையைப் பொறுத்து 30 முதல் 99 சதவீதம் வரை கல்லீரலிலேயே தங்கிவிடுகிறது. கட்டிக்கோ சொற்பம்தான்: பழைய விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து டொரான்டோ பல்கலைக்கழகக் குழு 2016இல் கணக்கிட்டபோது கிடைத்த இடைநிலை அளவு 0.7 சதவீதம். நல்ல கல்லீரலாவது கொஞ்சம் தாங்கும். சுருங்கிய கல்லீரலில் அந்தக் கையிருப்பு இல்லை.

நானோ மருத்துவமே பொய் என்று சொல்லவில்லை. நுண்கொழுப்புக் குமிழ்களில் அடைத்த டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து 1995லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்று, வேறு சில புற்றுநோய்களுக்குப் பயன்படுகிறது. கல்லீரல் புற்றுநோயில்தான் கதை வேறு. அதே மருந்தை நானோ துகளில் ஏற்றிய 'லிவாடாக்' கிட்டத்தட்ட 400 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2017இல் வழக்கமான சிகிச்சையைவிட ஆயுளைக் கூட்டவில்லை என்று தெரியவந்தது. அளவும் தரமும் பார்த்துப் பார்த்துத் தயாரித்த மருந்துக்கே அந்த நிலை.

நீங்கள் சொல்லும் பாட்டிலில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு? இத்தகைய வெள்ளி நீர் எந்த நோய்க்கும் பாதுகாப்பானதாகவோ பலன் தருவதாகவோ ஏற்கப்படவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999லேயே அறிவித்துவிட்டது. தொடர்ந்து குடித்தவர்களின் தோல் நிரந்தரமாக நீலச் சாம்பல் நிறமானதும் உண்டு. பற்பம், செந்தூரம் ஏதேனும் கொடுத்துவந்தால் அதையும் கல்லீரல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வெள்ளி நீரை ஏற்கெனவே கொடுத்திருந்தால் உடனே நிறுத்திவிட்டு, பாட்டிலோடு போய்ச் சொல்லுங்கள். கல்லீரல், சிறுநீரகச் செயல்பாட்டை இரத்தத்தில் பார்ப்பார்கள்.

அப்படிப் போகும்போது மருத்துவரிடம் கேட்க வேண்டியவை வேறு: அப்பாவின் கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது, கட்டியைச் சூடேற்றிக் கருக்க முடியுமா, இரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்தி அடைக்க முடியுமா, மாற்றுக் கல்லீரலுக்கு வழி உண்டா. சுருக்க நோய்க்குக் காரணம் ஹெபடைடிஸ் பி என்றால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும். தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது. அக்கறையுள்ள மாமாவிடம் அந்த அலைச்சலை ஒப்படைக்கலாம்.