45 நாளில் வீட்டை விற்று முடிக்க முடியுமா?

கேள்வி: திருச்சியில் அப்பா இடம் வாங்கிக் கட்டிய வீட்டை விற்கிறோம். அப்பா காலமாகிவிட்டார், உயில் இல்லை. அம்மா, நான், தங்கை மூவரும்தான் வாரிசு. வீட்டின் பேரில் வங்கிக் கடன் கொஞ்சம் பாக்கி. வாங்குபவரும் கடன் போட்டுத்தான் வாங்குகிறார். அக்ரிமென்ட்டில் 45 நாள் போதும் என்கிறார் புரோக்கர். போதுமா?

பதில்: போதாது. 90 நாள் போடுங்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆகும் வேலை அரை நாள்தான். நாள் கரைவதெல்லாம் அதற்கு முன்னால். ஒரே உரிமையாளர், கடன் இல்லாத வீடு, கையில் பணத்தோடு வாங்குபவர் என்றால் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். உங்கள் விஷயம் அப்படி இல்லை.

முதலில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: அப்பாவைப் பெற்ற பாட்டி இருக்கிறாரா? அப்பா இறந்த அன்று பாட்டி உயிரோடு இருந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்கும் உங்களுக்குச் சமமான பங்கு உண்டு. அவர் கையெழுத்தும் வேண்டும். 'மூவர்தான்' என்று பலரும் விட்டுவிடும் இடம் இது. கடைசி வாரத்தில் தெரிய வந்தால் எல்லாம் நின்றுபோகும்.

அடுத்தது கடன். வாங்கும் அட்வான்ஸை நேராகக் கடன் கணக்கில் கட்டி முடித்துவிடுங்கள். (20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், வருமான வரிச் சட்டம் அனுமதிக்காது.) முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி தர வேண்டும். வங்கியின் பக்கம் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. பத்திரம் கைக்கு வந்ததும் சும்மா இருந்துவிடாதீர்கள். கடன் வாங்கியபோது உரிமை ஆவண ஒப்படைப்பு (கடனுக்கு ஈடாக அசல் பத்திரத்தை வங்கியில் வைத்தது) சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்தது என்று காட்டும் ரசீது ஆவணத்தையும் அங்கே பதிவு செய்யும்வரை, சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் தீராததாகவே தெரியும். வாங்குபவரின் வங்கி வக்கீல் முதலில் விரல் வைப்பது அந்த வரியில்தான். அடைத்துப் பல வருடமான கடன்கூட அந்த ஒரு வரியால் விற்பனையை நிறுத்திவைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பட்டாவையும் இதற்கிடையில் வாரிசுகள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். இவ்வளவும் கையில் இருந்தால்தான் வாங்குபவரின் வங்கி வேலையைத் தொடங்கும். வக்கீல் கருத்து, மதிப்பீடு, கடன் ஒப்புதல் என்று அதற்கு மூன்று நான்கு வாரம் வையுங்கள்.

கெடு ஆடியில் முடிகிறதா என்று காலண்டரையும் ஒருமுறை பாருங்கள். அந்த மாதத்தில் பத்திரம் போட வாங்குபவர் தயங்கினால், ஆவணி முதல் வாரம்வரை கெடுவை இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.