நான்கு ரேமும் 6000 வேகமும் ஒத்துப்போவது அரிது

நண்பரே, உங்கள் கணினியில் ரைசன் 7600 செயலி, நான்கு டிடிஆர்5 ரேம், எக்ஸ்போ (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) 6000. விளையாட்டு சில நாள் 10 நிமிடத்தில், சில நாள் 2 மணி நேரம் கழித்து உறைகிறது என்கிறீர்கள். கிராபிக்ஸ் கார்டை மாற்ற அவசரப்படாதீர்கள். என் சந்தேகம் ரேமின் மேல்தான். நான்கு ரேம் செருகினால் இந்தச் செயலிக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 3600 மட்டுமே. 6000 என்பது ஓவர்கிளாக், அதாவது சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டுவது.

பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) எக்ஸ்போவை அணைத்து ஒரு மாலை முழுக்க விளையாடுங்கள். உறையவில்லை என்றால் குற்றவாளி அகப்பட்டான். பிறகு இரண்டு ரேமை மட்டும், செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகி எக்ஸ்போவைப் போடுங்கள். இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரல் ஓடட்டும். ஒரு பிழைகூட வரக் கூடாது.

ரேமை மாற்றியதும் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். பதறி அணைத்துவிடாதீர்கள், நான் அணைத்தேன். இதெல்லாம் செய்த பிறகும் விளையாட்டு உறைந்தால் பவர் சப்ளையின் வாட் அளவை எழுதுங்கள்.