மாந்தோப்பை விற்க வேண்டாம், கூட்டாளிகளைத் தேடுங்கள்

போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். மகன் பிளஸ் டூ படிக்கிறான். இரண்டு வருடமாகக் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் புளி வாங்கி, பாட்டியோடு உட்கார்ந்து கொட்டை எடுத்து, அரைக் கிலோ பொட்டலமாக விற்கிறான். இந்தத் தடவை 40 கிலோ ஈரம் ஏறிக் கறுத்து, போட்ட முதல் போய்விட்டது. அன்றிலிருந்து வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை. தாய்மாமனோ, "மாந்தோப்பில் அரை ஏக்கரைக் கொடுத்துவிட்டுப் பெங்களூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்குங்கள்" என்கிறாராம்.

ஆறுதல் சொல்லத்தான் ஆரம்பித்தேன். தோப்பு என்றதும் நிறுத்திக்கொண்டேன். விற்காதீர்கள் ஐயா. அவன் நோட்டைப் பார்த்தேன். சாக்கு, பஸ் டிக்கெட், பாட்டிக்குக் கொடுத்த கூலி வரை எழுதியிருக்கிறான். அந்தப் பிள்ளையை மனம் ஒட்டாத படிப்புக்கு நிலம் விற்று அனுப்பினால், நான்கு வருடமும் அந்த அரை ஏக்கர் அவன் நெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அரசு கலைக் கல்லூரியில் பி.காம். போதும். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம்.

அவனுக்கு இல்லாதது துணைதான். வகுப்பில் எல்லோரும் நீட் பற்றிப் பேசும்போது, கறுத்த புளியைப் பற்றி யாரிடம் பேசுவான்?

போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையைச் சுற்றிப் பாருங்கள். நிப்பட்டு சுடும் வீட்டுப் பெண், நாட்டுக்கோழிக் குஞ்சு விற்கிறவன், ராகி மாவு கட்டுகிறவள் என்று இவன் வயதுப் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். ஐந்தாறு பேர் போதும். அதற்கு மேல் போனால் வாய் திறக்காமல் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். மாதம் இரண்டு ஞாயிறு, பகல் வெளிச்சத்தில், ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் கூடட்டும். ஒவ்வொருவரும் கணக்கு நோட்டோடு வர வேண்டும். முதலில் நட்டத்தைச் சொல்ல வேண்டும், லாபம் பிறகுதான். இவன் புளியைப் பற்றிச் சொன்னால், நன்றாகக் காயவைத்துக் கல்லுப்புத் தூவிப் பானையில் அடைக்கும் தன் ஆயாவின் பக்குவத்தை ஒருத்தி சொல்வாள். கடன் வாங்கிய மளிகைக்காரரிடம் பணம் வசூலிப்பது எப்படி என்று இன்னொருவன் கேட்பான். அதற்கு அனுபவத்தில் பதில் சொல்லக்கூடியவள் பக்கத்திலேயே இருப்பாள். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும், ஆனால் பேச வேண்டாம். பரிசு, போட்டி எதுவும் வேண்டாம். பணத்தை ஒன்றாகப் போடவே கூடாது. அவரவர் முதல், அவரவர் கணக்கு.

சட்டம் ஒன்றைச் சொல்கிறேன். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. கடை வாடகை, உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும். 18 நிறைந்ததும் தொழில் கடனுக்கு வழி கேட்டு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகலாம். அதுவரை கடன் கூடாது, கைமாற்றும் கடன்தான்.

அம்மா, வரும் ஞாயிறு அவனோடு நீங்களும் சந்தைக்குப் போங்கள். அந்தப் பிள்ளைகள் யார் யார் என்று அவனே காட்டுவான். உங்கள் தம்பியை என்னிடம் அனுப்புங்கள். தோப்பைப் பற்றி அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.