கையெழுத்துப் போடும் கை இருக்கும்போதே

கேள்வி: தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். கணவருக்கு 48 வயது. இதே தோட்டத்துத் தொழிற்சாலையில் 22 வருட வேலை, நாட்சம்பளம் 1,350 ரூபா. போன வருடம் வலது கை பலமிழக்கத் தொடங்கியது. கண்டியில் பார்த்ததில் மோட்டர் நியூரோன் நோய் (தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் நோய்) என்கிறார்கள். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கணக்கில் 14 இலட்சம் இருக்கிறது. ஒன்றரை இலட்சத்துக்கு நகை அடகில். தோட்டத்து ஒபிசில் ராஜினாமாக் கடிதம் கேட்கிறார்கள். சொந்தக்காரர்கள் இந்தியாவுக்குப் போய் ஸ்டெம் செல் ஊசி போடச் சொல்கிறார்கள். நானும் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்க்கவா? பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள்.

பதில்: சகோதரி, அந்தக் கடிதத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். ஆண்களுக்கு ஈ.பி.எப். காசு 55 வயதில்தான் கிடைக்கும். வெறுமனே ‘வேலையை விடுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால், அது ஏழு வருடம் உள்ளேயே கிடக்கலாம். இனி நிரந்தரமாக வேலை செய்ய இயலாது என்று வைத்தியர் சான்றளித்தால் வயது பார்க்காமல் முழுத்தொகையையும் எடுக்கலாம். ஆகவே முதலில் கண்டி நரம்பியல் கிளினிக்கில் அந்தச் சான்று. அதன் பிறகு நோயையே காரணமாகக் காட்டும் விலகல் கடிதம். அடுத்து, சேவை முடிந்த திகதியையும் காரணத்தையும் எழுதித் தோட்டம் தரும் கடிதம். இவை கைக்கு வந்தபின் ஈ.பி.எப். காசைக் கேட்டுத் தொழில் அலுவலகத்தில் கே படிவம். ஈ.ரி.எப்.புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) தனி விண்ணப்பம்; பலர் அதை மறந்தே போகிறார்கள்.

மலையகத்தில் இந்தக் காசு சிக்குவது பெரும்பாலும் பெயரில்தான். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, ஈ.பி.எப். பதிவில் இன்னொன்று, பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரே வேறு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்றே பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, திருத்த வேண்டியதைத் திருத்துங்கள். பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பின் காசைப் பெறப் பதிந்திருப்பவர், யார் என்றும் கேளுங்கள். கலியாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டவர்கள் நிறையப் பேர்.

சேவைக்காலப் பணமும் (பணிக்கொடை) உண்டு. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம்: 14 x 22 x 1,350 = 4,15,800 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும். பிந்தினால் மேலதிகத் தொகையும் சேர்த்துத்தான் தர வேண்டும். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றால் தொழிற்சங்கத்திடம் சொல்லிவிட்டு, தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள்.

அவசரம் ஏன் என்றால், இந்த நோய் முதலில் எடுத்துக்கொண்டது அவர் கையைத்தான். பஸ் ஏறி அலுவலகம் போகவும் பேனா பிடிக்கவும் முடியும்போதே வங்கியில் உங்கள் இருவர் பெயரிலும், எவர் ஒருவரும் பணம் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கொன்றைத் திறந்துவிடுங்கள். அவருக்காக நீங்கள் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோனித் தத்துவம் எழுதுவதும் நல்லதுதான். ஆனால் எழுதியவர் இறந்த கணமே அது செல்லாது. கூட்டுக் கணக்கு அப்படியல்ல. ஆயுள் காப்புறுதி ஏதும் இருந்தால் நிரந்தர இயலாமைப் பாதுகாப்பு அதில் உண்டா என்று பாருங்கள். அதுவரை தவணையைத் தவறவிட வேண்டாம்.

காசு வந்ததும் முதலில் அடகு நகையை மீளுங்கள். வைப்பில் கிடைக்கும் வட்டியைவிட அடகுக்குக் கட்டும் வட்டிதான் அதிகம். 3 இலட்சம் சாதாரணக் கணக்கில் இருக்கட்டும். மிச்சத்தை ஒரே நிலையான வைப்பாகப் போடாமல் இரண்டு இரண்டு இலட்சமாகப் பிரித்து, தவணை வெவ்வேறு மாதங்களில் முடியும்படி போடுங்கள். நடுவில் ஒன்றை உடைத்தாலும் அந்த ஒன்றின் வட்டிதான் குறையும். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10% வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவு என்றால், வரி இலக்கம் எடுத்து வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுங்கள், பிடிக்க மாட்டார்கள்.

ஸ்டெம் செல் ஊசிக்கு ஒரு சதமும் வேண்டாம். இந்த நோயை நிறுத்தும் என்று நிரூபணமானது எதுவும் அதில் இல்லை. ரிலுசோல் மாத்திரை 50 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, சில மாதங்களைக் கூட்டித் தரும். ஈரல் இரத்தப் பரிசோதனையோடுதான் எடுக்க வேண்டும். வெளியே வாங்குமுன் கிளினிக்கில் கேளுங்கள்.

பெரிய செலவு பின்னால்தான் வரும். நோய் தொடங்கி இரண்டு மூன்று வருடத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு மூச்சுத் தசைகள் பலமிழக்கும். சிலருக்கு மெதுவாகத்தான் போகும். மல்லாந்து படுக்க முடியாமை, காலையில் தலையிடி, பகலில் தூக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது தேவைப்படுவது முகமூடி மூலம் காற்றைத் தள்ளும் பைபாப் இயந்திரம். பயத்தில் ஒக்சிசன் சிலிண்டரை வாங்கிவிடாதீர்கள்: குறைவது தசையின் பலம், வைத்தியர் சொல்லாமல் ஒக்சிசன் கொடுத்தால் உடம்பில் கரியமிலவாயு கூடிவிடும். இயந்திரத்தை முதல் மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், முகமூடி பொருந்தாமல் வீணாவது சகஜம். மழைக்காலத்தில் கரண்ட் போகும் என்பதால் பட்டரிக்கும் ஒதுக்குங்கள். உணவு கொடுக்க வயிற்றுக்குழாய் வைப்பதானால் மூச்சு நன்றாக இருக்கும்போதே வைக்க வேண்டும். நிறை குறையத் தொடங்கியதும் கேளுங்கள். கண்டிக்குப் போய்வரும் வாகனச் செலவையும் அந்த 3 இலட்சத்துக்குள் எண்ணுங்கள். மின்சாரச் சக்கர நாற்காலி வேண்டாம். லயத்துப் படிகளில் அது ஏறாது. அந்தக் காசில் ரோட்டோரமாக ஓர் அறை பார்ப்பது மேல். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்சும் அங்கேதான் வந்து நிற்கும்.

நீங்கள் வேலையை விட வேண்டாம். இனி வீட்டுக்கு வரும் சம்பளம் உங்களுடையது மட்டும்தான், விட்டால் உங்கள் ஈ.பி.எப்.பும் அதோடு நின்றுவிடும். மாமியாரோ தங்கச்சியோ பகலில் இருக்க முடிந்தால், அவர்களுக்கு மாதம் ஒரு தொகை கொடுத்தாலும் உங்களுக்கு இலாபம்தான். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்த்து, அங்கவீனர் கொடுப்பனவுக்கு வைத்தியச் சான்றின் பிரதியோடு விண்ணப்பியுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து அது மாதம் 10,000 ரூபா. கிராம உத்தியோகத்தரின் கையொப்பமும் கேட்பார்கள், போகும் வழியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.